உரிமையின் மொழியும் கடமையின் மொழியும்: சட்டப் பேராசிரியர் மேரி ஆன் கிளெண்டனின் வாழ்வும் பணியும்



மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி உரையாற்றுவதற்குக் காரணம் கூறவேண்டும். சட்டம் சொற்களால் ஆனது. வாளும் சிறையும் அதன் பின்னே நின்றாலும், அது மக்களைச் சென்று சேர்வது சொல்வழியேதான். ஒரு நாட்டின் சட்டம் எந்தச் சொற்களை மிகுதியாகக் கையாள்கிறதோ, அந்தச் சொற்களையே காலப்போக்கில் அந்நாட்டு மக்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் கையாளத் தொடங்குகிறார்கள். இவ்வுண்மையைத் தம் ஆய்வின் மையமாகக் கொண்டவர் மேரி ஆன் கிளெண்டன். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றியவர். இப்போது ஓய்வுநிலைப் பேராசிரியர்.

அவர் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். கருக்கலைப்பு, திருமணம், குடும்பம் ஆகியவற்றில் மரபு சார்ந்த நிலைப்பாடு கொண்டவர். ஆகவே அவரைப் போற்றுவோரும் உளர். கடுமையாக மறுப்போரும் உளர். இவ்வுரையின் நோக்கம் அவ்விரு சாராருள் ஒருவரோடு சேர்ந்துகொள்வதன்று. உரிமையைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி என்ன, அக்கேள்வியை அவருடைய பொதுவாழ்வோடு பொருத்திப் பார்த்தால் தெரியவருவது என்ன என்பவற்றை ஆராய்வதே நோக்கம்.

1. இளமையும் கல்வியும்

கிளெண்டன் 1938ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் பிறந்தார். அருகிலுள்ள டால்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அமெரிக்கப் பணத்தாளுக்குரிய காகிதத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஆலையால் பெயர்பெற்ற ஊர் அது. ஊர்மக்கள் நேரில் கூடி, வரியையும் செலவையும் பேசி முடிவெடுக்கும் ஊர்க்கூட்ட மரபு அந்த வட்டாரத்துக்கு உரியது. கருத்து வேறுபட்டவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசி இணங்கவேண்டிய அம்மரபின் சாயல் அவருடைய பிற்கால எழுத்து முழுவதிலும் உண்டு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1959இல் இளங்கலைப் பட்டமும், 1961இல் சட்டப் பட்டமும், 1963இல் ஒப்பீட்டுச் சட்டவியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசான் மேக்ஸ் ரைன்ஸ்டீன். நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய காலத்தில் செர்மனியை விட்டு வெளியேறிய அறிஞர் அவர். ஒரு நாட்டின் சட்டத்தை அந்நாட்டின் எல்லைக்குள் மட்டும் நின்று படித்தால் அதன் இயல்பு புலப்படாது. வேறொரு நாட்டுச் சட்டத்தின் அருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நாம் இயற்கை என்று எண்ணியிருந்தது உண்மையில் ஒரு தேர்வு என்பது தெரியவரும். ஒப்பீட்டுச் சட்டவியலின் இந்த அடிப்படைப் பாடத்தைக் கிளெண்டன் அவரிடம் கற்றார். பின்னர் பிரஸ்ஸல்ஸிலும் பயின்றார்.

1963 முதல் 1968 வரை சிகாகோவில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். அக்காலத்தில் ஒரு நிகழ்வு குறிப்பிடத்தக்கது. 1964ஆம் ஆண்டு கோடையில், மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்காக நாடெங்கிலுமிருந்து தொண்டர்கள் அங்குச் சென்றனர். அவ்வியக்கம் தொடங்கிய சூன் மாதத்திலேயே தொண்டர் மூவர் கொலையுண்டனர். அந்தக் கோடையில் தொண்டு வழக்கறிஞராக மிசிசிப்பிக்குச் சென்றவர்களுள் கிளெண்டனும் ஒருவர். பிற்காலத்தில் உரிமை மொழியின் குறைகளைச் சுட்டிக்காட்டிய அறிஞர், உரிமை மறுக்கப்பட்டவர்களுக்காகக் களத்தில் நின்றவரும் ஆவார். இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் அவருடைய நூல்களைச் சரியாகப் படிக்க முடியும்.

1968இல் பாஸ்டன் கல்லூரியின் சட்டப் பள்ளியில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். 1980களின் நடுப்பகுதியில் ஹார்வர்டுக்குச் சென்றார்.

2. ஒப்பிட்டுப் பார்த்தல்

அவருக்குப் பரந்த புகழைத் தந்த முதல் நூல், மேற்கத்திய நாடுகளின் கருக்கலைப்புச் சட்டத்தையும் மணமுறிவுச் சட்டத்தையும் ஒப்பிட்டு 1987இல் வெளிவந்தது. அதன் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரோ எதிர் வேட் என்னும் வழக்கில், கருக்கலைப்பு ஒரு பெண்ணின் தனிமறைவு உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டங்கள் பல ஒரே நாளில் செயலிழந்தன. பிரான்சில் 1975இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. உயிரின் தொடக்கம் முதலே மனிதப் பிறவிக்கு மதிப்பளிக்கவேண்டும் என்ற கொள்கையை அது முதலில் அறிவித்தது. அதன் பின்னர், இடர்ப்பாட்டில் இருக்கும் பெண் கருவுற்ற முதல் 10 வாரங்களுக்குள் கருக்கலைப்புக் கோரலாம் என்று இசைந்தது. மேற்கு செர்மனியில் அதே ஆண்டு அரசமைப்பு நீதிமன்றம் கருவின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்றது. ஆயினும் தாயின் கடுந்துன்பத்தைக் கருதிச் சட்டமன்றம் விலக்குகள் வகுக்கலாம் என்றும் கூறியது.

நடைமுறையில் இந்நாடுகளிடையே இருந்த வேறுபாட்டினும், அவை பேசிய மொழியில் இருந்த வேறுபாடே கிளெண்டனின் கருத்தைக் கவர்ந்தது. பிரெஞ்சுச் சட்டம் இரு பக்கத்துக் கவலைகளையும் பெயர்சொல்லி ஏற்றது; தாய்க்கு அரசு செய்யவேண்டிய உதவியையும் பேசியது. அமெரிக்கத் தீர்ப்போ தனிமனித உரிமை என்ற ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கியது. மணமுறிவிலும் இத்தகைய வேறுபாட்டை அவர் கண்டார். இணையர் பிரிவதை இரு பகுதிகளும் எளிதாக்கின. ஆனால் பிரிந்தபின் குழந்தைகளையும் அவர்களை வளர்க்கும் தாயையும் யார் தாங்குவது என்ற கேள்விக்கு ஐரோப்பியச் சட்டங்கள் பல அமெரிக்கச் சட்டத்தைவிடக் கூடுதலாக விடையளித்தன. ‘நீங்கள் விடுதலை பெற்றவர்கள்’ என்று சொன்ன அமெரிக்கச் சட்டம், ‘நீங்கள் பொறுப்பும் உடையவர்கள்’ என்று சொல்லத் தயங்கியது என்பதே அவர் கண்ட குறை.

இதன் அடியில் ஒரு பழைய கருத்து உண்டு. சட்டம் தண்டிக்கவும் செய்யும்; கற்பிக்கவும் செய்யும் என்பது அது. கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தம் இறுதிக்கால நூலில், நல்ல சட்டத்துக்கு முன்னுரை வேண்டும் என்றும், அம்முன்னுரை குடிமக்களுக்குக் காரணம் கூறி அவர்களை இணங்கச் செய்யவேண்டும் என்றும் வலியுறுத்தினார். கிளெண்டன் இக்கருத்தை நம் காலத்துக்குக் கொண்டுவந்தார்.

மறுப்பும் எழாமல் இல்லை. சட்டத்தின் முன்னுரையில் இரு பக்கத்தையும் மதிப்பது கேட்க இனிது. ஆனால் மருத்துவமனை வாயிலில் நிற்கும் பெண்ணுக்கு அந்த முன்னுரை தரும் சுமை என்ன என்று பெண்ணியச் சட்ட அறிஞர்கள் வினவினர். மற்றவர்களின் அறிவுரையைக் கேட்டபின்தான் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பது அவளைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்றும் கேட்டனர். இம்மறுப்பும் வலிமை வாய்ந்ததே.

3. உரிமைப் பேச்சின் வறுமை

1991இல் வெளிவந்த அவருடைய நூல் அமெரிக்க அரசியலின் பேச்சுமொழியையே ஆய்வுப் பொருளாக்கியது. ‘உரிமைப் பேச்சு’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அரசியல் சொல்லாடல் வறுமையுற்றது என்பதே அதன் வாதம்.

தேசியக் கொடியை எரிப்பது குற்றமா என்னும் விவாதம் 1989இல் அமெரிக்காவைக் கலக்கியது. கொடியைக் காக்கவேண்டும் என்றவர்களும், எரிக்க விடவேண்டும் என்றவர்களும் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்தனர். அவ்விவாதத்தைச் செவிகொடுத்துக் கேட்ட கிளெண்டன் ஒன்றைக் கவனித்தார். கொடி எதைக் குறிக்கிறது என்று கேட்டபோது, விரும்பியதைச் செய்யும் உரிமை இந்நாட்டில் உண்டு என்பதைக் குறிக்கிறது என்பது ஒரு சாராரின் விடை. நான் விலைகொடுத்து வாங்கிய கொடி என் உடைமை, அதை என்ன செய்தாலும் என் உரிமை என்பது மறு சாராரின் விடை. எதிரெதிர் அணியில் நின்றவர்கள் ஒரே மொழியைப் பேசினர். நாட்டுப்பற்று, நன்றி, நினைவு, ஒற்றுமை முதலிய பொருள்களைச் சொல்வதற்கு இரு சாராருக்கும் சொல் கிடைக்கவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு உள்ளத்தை உருக்குவது. விஸ்கான்சின் மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையால் மீண்டும் மீண்டும் அடிக்கப்பட்டு, 1984இல் மூளை சிதைந்து போனான். அவன் துன்புறுவதை உள்ளூர்ச் சமூகநல அலுவலர்கள் அறிந்திருந்தனர். குறிப்பேட்டில் பதிந்தும் வைத்திருந்தனர். ஆயினும் அவனை அவ்வீட்டிலிருந்து மீட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தனியார் இழைக்கும் வன்முறையிலிருந்து ஒருவரைக் காக்கும் கடமையை அரசமைப்புச் சட்டம் அரசின்மேல் சுமத்தவில்லை என்று 1989இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரில் மூழ்கும் அயலாரைக் கரையில் நிற்பவர் காப்பாற்றியே தீரவேண்டும் என்று அமெரிக்கப் பொதுச்சட்டம் பொதுவாகக் கூறுவதில்லை; பிரான்சும் செர்மனியும் இடரில் இருப்பவருக்கு இயன்ற உதவியைச் செய்யாமையைக் குற்றமாக்கியுள்ளன. இவ்விரண்டையும் கிளெண்டன் அருகருகே வைத்தார். உரிமைகளை அடுக்கிச் சொல்லத் தெரிந்த ஒரு சட்டத்துக்கு, அந்தக் குழந்தைக்கு யாரேனும் எதையேனும் கடன்பட்டிருக்கிறோமா என்று கேட்கும் மொழி இல்லாமற்போனது என்றார்.

மூன்றாவது எடுத்துக்காட்டு டெட்ராய்ட் நகரத்துப் போலிடவுன். போலந்து வழிவந்த முதியோர் பலர் வாழ்ந்த அக்குடியிருப்பை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலைக்காக நகராட்சி கையகப்படுத்தியது. 1981இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அதற்கு இசைவளித்தது. வீட்டுக்கு விலை தரப்பட்டது. ஆனால் பல்லாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த அக்கம்பக்கமும், கூடி வழிபட்ட கோயிலும், அறிந்த முகங்களும் அழிந்ததற்குச் சட்டத்தில் பெயரே இல்லை. உடைமை உரிமை என்ற சொல்லுக்குள் ‘ஊர்’ என்ற பொருள் அடங்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், கம்பங்கள் பெயர்க்கப்பட்டபோதும் மக்கள் இழந்தது என்ன என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இந்நூலோடு சேர்த்துப் படிக்கத்தக்க வேறொரு நூலும் அதே 1991இல் வெளிவந்தது. எழுதியவர் பெட்ரிசியா வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சட்டப் பேராசிரியர். அது கிளெண்டனுக்கு விடையாக எழுதப்பட்டதன்று. எனினும் இக்கேள்விக்கு மறுபக்கத்தைக் காட்டுவது. தலைமுறை தலைமுறையாக உடைமைப் பொருள்களாகவே நடத்தப்பட்ட மக்களுக்கு உரிமை என்ற சொல் வெறும் சட்டச்சொல் அன்று. ‘நானும் மனிதன்’ என்று உலகம் ஒப்புக்கொண்டதற்கான சான்று அது என்பது அவர் வாதம். உரிமை நிரம்பப் பெற்றவர்கள் அச்சொல்லைக் குறைத்துப் பேசலாம். அதை இன்னும் பெறாதவர்கள் அவ்வாறு பேச இயலாது. கிளெண்டனைக் கற்கும் மாணவர் வில்லியம்ஸையும் கற்கவேண்டும்.

4. பேரறிக்கையின் வரலாறு

கிளெண்டனின் நூல்களுள் நம் பகுதி வாசகர்க்கு மிகவும் பயன்படுவது 2001இல் வெளிவந்ததாகும். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உலக மனித உரிமைப் பேரறிக்கை உருவான கதையை அது கூறுகிறது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸில் அது நிறைவேறியபோது 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்த்து ஒரு நாடும் வாக்களிக்கவில்லை. மலாயாவும் சிங்கப்பூரும் அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. அவையில் அவற்றுக்கென இருக்கை இல்லை. இதையும், உலகில் பெரும்பகுதி அன்று அடிமைப்பட்டிருந்ததையும் காட்டி, பேரறிக்கை மேற்குலகின் ஆக்கம் என்று வாதிடுவோர் உண்டு. 1990களில் ‘ஆசிய விழுமியங்கள்’ என்ற பெயரில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எழுந்த விவாதத்தை ஆசிரியர்கள் நினைவுகூர்வார்கள்.

இவ்வாதத்துக்குக் கிளெண்டன் வரலாற்றிலிருந்து விடை தேடினார். வரைவுக் குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கொண்டு, அங்கே யார் என்ன சொன்னார் என்பதைப் பின்தொடர்ந்தார். தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட். முதல் வரைவை எழுதிய கனடிய நாட்டு ஜான் ஹம்ஃப்ரி. அதற்குக் கட்டமைப்புத் தந்த பிரான்சின் ரெனே கஸ்ஸான் ஆகியோர் பலரும் அறிந்தவர்கள். அவர்களுக்கு இணையாக லெபனான் நாட்டு மெய்யியலாளர் சார்லஸ் மாலிக்கும், சீனத்து பி. சி. சாங்கும் உழைத்தனர் என்பதை அவர் முன்னிறுத்தினார்.

இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஹன்சா மேத்தாவின் பங்கு மொழி மாணவர்க்குப் பாடமாகத் தக்கது. முதல் பிரிவின் வரைவில் ‘ஆண்கள்’ என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல் இருந்தது. அச்சொல் எல்லாரையும் குறிக்கும் என்று மற்றவர்கள் ஆறுதல் கூறியபோது மேத்தா ஏற்கவில்லை. சில நாடுகள் அதை ஆண்களுக்கு மட்டுமென்று பொருள்கொள்ளும் என்றார். ‘மனிதப் பிறவியர் அனைவரும்’ என்று பொருள்படும் தொடர் இன்று அங்கு இருப்பதற்கு அவருடைய விடாமுயற்சி முதன்மைக் காரணம்.

சாங் ஆற்றிய பணி இன்னும் நுட்பமானது. மனிதனுக்கு அறிவு உண்டு என்று மட்டும் கூறிய வரைவில், கன்ஃபூசிய மரபின் ‘ரென்’ என்ற கருத்தும் இடம்பெறவேண்டும் என்றார் அவர். மனிதன் என்னும் குறியீடும் இரண்டு என்னும் குறியீடும் சேர்ந்து அமைந்தது அச்சீன எழுத்து. ஒருவன் தன்னருகே இன்னொருவன் இருப்பதை உணர்ந்து வாழும் பண்பு என்று அதை விளக்கலாம். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. இறுதியில், தமிழாக்கத்தில் ‘மனச்சாட்சி’ என்று வழங்கும் சொல்லையே சேர்த்தனர். மனச்சாட்சி ஒருவன் நெஞ்சுக்குள் ஒலிப்பது. ரென் இருவருக்கிடையே நிகழ்வது. மொழிபெயர்ப்பில் ஒரு நாகரிகத்தின் கொடை பாதி கைநழுவியது.

அக்காலத்தில் யுனெஸ்கோ நிறுவனமும் உலகின் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. காந்தியடிகள் 1947இல் சுருக்கமாக விடையெழுதினார். எழுத்தறியாத தம் தாயிடமிருந்து கற்றதாகச் சொல்லி, நன்கு ஆற்றிய கடமையிலிருந்தே உரிமைகள் அனைத்தும் பிறக்கின்றன என்ற கருத்தை அவர் தெரிவித்தார். பேரறிக்கையின் 29ஆம் பிரிவு, சமுதாயத்துக்கு ஒவ்வொருவரும் ஆற்றவேண்டிய கடமைகள் உண்டு என்று கூறுகிறது. 30 பிரிவுகளில் பெரும்பாலோர் படிக்காமல் விட்டுச்செல்லும் பிரிவும் இதுவே. பேரறிக்கையை முழுமையாகப் படிக்கவேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும் பட்டியலாக்கக்கூடாது என்பது கிளெண்டன் இந்நூலில் வற்புறுத்தும் கருத்து.

இவ்விடத்தில் நம் மொழியையும் சிறிது நோக்குவோம். ‘உரிமையோடு கேட்கிறேன்’, ‘உரிமையோடு கண்டித்தார்’ என்று தமிழில் சொல்கிறோம். இங்கே உரிமை என்பது அயலாரை எதிர்த்து எழுப்பும் கோரிக்கையாகாமல், நெருக்கத்தால் விளையும் தகுதியாகிறது. கடமை என்ற சொல்லுக்கோ வேறொரு வரலாறு. சோழர் கால வணிகமும் வேளாண்மையும் பேசும் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது அரசுக்குச் செலுத்தும் வரி. ‘கடன்’ இன்றும் பட்ட கடனையும் குறிக்கும். ஆற்றவேண்டிய பணியையும் குறிக்கும். ஆக, நம் சொல்வழக்கில் உரிமைக்குள் உறவு இருக்கிறது. கடமைக்குள் செலுத்தியே தீரவேண்டிய கடன் இருக்கிறது. சாங் தேடிய பொருளுக்குத் தமிழ் மாணவர் தம் மொழியிலிருந்தே எளிதில் வழிகாணலாம். அதே வேளையில், கடமையை வரியாகப் பெற்றவர் யார், செலுத்தியவர் யார் என்பதையும் அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது.

5. பொறுப்புகளும் பூசல்களும்

கிளெண்டன் வகுப்பறையோடு நிற்கவில்லை. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1994இல் நிறுவிய சமூக அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். 2004 முதல் 2014 வரை அதன் தலைவராக விளங்கினார். 1995இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற உலக மகளிர் மாநாட்டுக்கு வத்திகன் அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். வத்திகனின் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவரே. தாய்மையையும் குடும்பத்தையும் தடையாகவே காட்டும் போக்கு மாநாட்டு வரைவில் உள்ளதென்று வாதிட்டார்; பெண்களின் வறுமை, பெண் குழந்தைகளின் கல்வி ஆகியவற்றை முன்வைத்தார். இனப்பெருக்கம் பற்றிய பகுதிகளில் வத்திகன் காட்டிய எதிர்ப்போ மகளிர் அமைப்புகள் பலவற்றின் கண்டனத்துக்கு உள்ளானது. 2008 முதல் 2009 தொடக்கம்வரை வத்திகனுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார்.

2009இல் நோட்டர் டாம் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கத்தோலிக்கருக்கு வழங்கும் உயரிய லேட்டாரே பதக்கத்தை அவருக்கு அறிவித்தது. அதே விழாவில் அதிபர் ஒபாமாவுக்கும் மதிப்புறு பட்டம் வழங்கப்படுவதாக இருந்தது. கருக்கலைப்பில் திருச்சபையின் கொள்கைக்கு மாறுபட்டவர்களைக் கத்தோலிக்க நிறுவனங்கள் சிறப்பிக்கலாகாது என்று ஆயர்கள் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தனர். தம் உரையை விழாவின் நடுநிலைக்குச் சான்றாகக் காட்ட முற்படுவதையும் அவர் விரும்பவில்லை. பதக்கத்தை ஏற்க மறுத்துக் கடிதம் எழுதினார். அவரை ஆதரிப்போர் இதனைக் கொள்கை உறுதி என்றனர். எதிர்ப்போர், மாற்றுக் கருத்தாளரோடு ஒரே மேடையில் அமரும் மரபை அவரே கைவிட்டார் என்றனர்.

இவற்றைவிடக் கடினமான பக்கம் ஒன்று உண்டு. 2002இல் பாஸ்டன் மறைமாவட்டத்தில் குருக்கள் சிலர் சிறாரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதையும், மேலிடத்தார் அதனை மறைத்ததையும் நாளிதழ் ஒன்று தொடராக வெளியிட்டது. அந்த ஆண்டு இறுதியில் பாஸ்டன் பேராயர் பதவி விலகினார். கிளெண்டன் அப்போது ஊடகங்களின் போக்கைக் கடுமையாகச் சாடினார். கிறிஸ்துவின் படையணி என்னும் துறவற அமைப்பின் நிறுவனர் மார்சியல் மாசியெல்மீது முன்னாள் மாணவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளையும் நம்ப மறுத்து, அவரை ஆதரித்து எழுதினார். 2006இல் வத்திகன் மாசியெலைப் பொதுப்பணியிலிருந்து விலக்கியது; 2010இல் அவர் செய்தவை கொடிய குற்றங்கள் என்று வெளிப்படையாக அறிவித்தது.

விஸ்கான்சின் சிறுவனுக்காகக் கேட்ட கேள்வியை இங்கே திருப்பிக் கேட்கலாம். அறிந்திருந்தும் காவாதவர்களின் கடமை என்ன என்று அரசை நோக்கி அவர் வினவினார். தாம் நேசித்த திருச்சபையை நோக்கி அதே வினாவை மற்றவர்கள் எழுப்பியபோது அவர் செவி சாய்க்கத் தவறினார். பாதிக்கப்பட்டவர்கள் அன்று நாடியது நீதிமன்றத்தையும் நாளிதழையும்தான்; அவர்கள் பேசியது உரிமையின் மொழியைத்தான். மரியாதை, ஒற்றுமை, குடும்பம் போன்ற இனிய சொற்கள் எல்லாம் அவர்களுக்கு எதிராகவே அதுவரை பயன்பட்டு வந்தன.

6. பிற்காலம்

2019இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ, பறிக்கவியலா உரிமைகள் பற்றிய ஆணையம் ஒன்றை அமைத்துக் கிளெண்டனைத் தலைவராக்கினார். பாம்பியோ ஹார்வர்டில் அவரிடம் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றியவர். அமெரிக்க மரபில் சமய விடுதலையும் உடைமை உரிமையும் முதன்மை வாய்ந்தவை என்று ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை குறித்தது. உரிமைகளைப் படிநிலைப்படுத்துவது எளியோரின் உரிமைகளைத் தாழ்த்துவதாகும் என்று மனித உரிமை அமைப்புகள் பல கண்டித்தன. 2021இல் பொறுப்பேற்ற அடுத்த அமைச்சர் அவ்வறிக்கையை ஏற்கவில்லை. பேரறிக்கையை முழுமையாகப் படிக்கவேண்டும் என்று எழுதிய வரலாற்றாசிரியரின் தலைமையில் அமைந்த ஆணையம், சிலவற்றை முன்னே வைப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது கருதத்தக்கது.

1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 சூன் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்கு எழுந்த மாநிலம் மிசிசிப்பி; நீதிமன்றத்துக்குத் துணைவாதம் அளித்தவர்களுள் கிளெண்டனும் இருந்தார். முடிவெடுக்கும் பொறுப்பு மக்கள் மன்றங்களுக்குத் திரும்பினால் ஐரோப்பாவைப் போன்று இருசாராரும் பேசி ஒரு நடுவழி காணலாம் என்பது 1987ஆம் ஆண்டு நூலில் தெரிந்த நம்பிக்கை. நிகழ்ந்தது வேறு. மாநிலங்கள் சில ஏறக்குறைய முற்றிலும் தடை விதித்தன. சில முன்னினும் விரிவாக இசைவளித்தன. சட்டம் மாறினாலும் பேச்சுமொழி மாறவில்லை. மொழிதான் முதன்மை என்ற அவருடைய பழைய வாதத்துக்கு அதுவே சான்றாகவும் அமைந்தது.

போப்பாண்டவர்கள் மூவரின் காலத்தில் தாம் ஆற்றிய பணியைப் பற்றிய நினைவுநூலை 2024இல் வெளியிட்டார்.

7. நாம் கொள்ளத்தக்கது

கிளெண்டனின் வாழ்க்கையிலிருந்து இரு படிப்பினைகளைப் பெறுகிறோம். முதலாவது, அவர் எழுதிக் கற்பித்தது. கடமையின் மொழியை இழந்த உரிமைப் பேச்சு, ஒரு குழந்தை அடிபடும்போதும் ஓர் ஊர் அழியும்போதும் சொல்லின்றி நிற்கும். இரண்டாவது, அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுவது. உரிமையின் மொழி கைவசம் இல்லாத எளியவருக்குக் கடமை, மரபு, மரியாதை என்னும் சொற்கள் வாய்ப்பூட்டாகிவிடக்கூடும். அதைக் கடமையின் மேன்மையை நன்கறிந்தவர்களும் காணத் தவறுவர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் போற்றுவதும் எளிது, தூற்றுவதும் எளிது.

நம் பள்ளிகளில் சொற்போர்ப் போட்டிகள் நடைபெறுகின்றன. மாணவர் மேடையேறி ‘இது எங்கள் உரிமை’ என்று முழங்கும்போது, ஆசிரியர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: அவ்வுரிமை நிறைவேற யார் எதைச் செய்யவேண்டும்? அவ்வாறே ‘இது உங்கள் கடமை’ என்று ஒருவர் அறிவுறுத்தும்போது மாணவர் கேட்கத்தக்க கேள்வியும் ஒன்று உண்டு: அக்கடமையால் காக்கப்படுபவர் யார், வாய்மூடப்படுபவர் யார்? இவ்விரு கேள்விகளையும் அஞ்சாமலும் பண்போடும் கேட்கத்தக்க சொல்வளம் தமிழுக்கு உண்டு. அதனை இளையோர் கையில் சேர்ப்பது மொழியாசிரியர்களின் பணி.